மாவுச்சத்துக் கூழின் பாகுநிலையை விஸ்கோமீட்டரில் அளப்பது எப்படி?

கூழ்வற்றலுக்குக் கூழ் கிளறுகிறவர்களுக்குப் பதம் பார்ப்பது ஒரு நொடி வேலை. கையை நனைத்துக்கொண்டு தொட்டால் ஒட்டக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் அதே கூழ் அடுப்பில் கொதிக்கையில் ஒரு பதம், இறக்கி ஆறினால் ஒரு பதம், மறுநாள் காலையில் வேறொரு பதம். வேகமாகக் கிளறினால் இளகும், விட்டுவிட்டால் மறுபடி இறுகும்.

பாகுநிலையை, அதாவது கூழ் எவ்வளவு கெட்டி என்பதை, அளக்கும் விஸ்கோமீட்டர் காட்டும் எண்ணும் இப்படித்தான் மாறும். அந்த எண்ணின் அலகு சென்டிபாய்ஸ். "இந்த ஜெல்லின் பாகுநிலை 4,000 சென்டிபாய்ஸ்" என்று மட்டும் எழுதிவைத்தால் அதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. எந்த ஸ்பிண்டில் (கூழுக்குள் சுழலும் பாகம்), எத்தனை ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று), எத்தனை டிகிரி, காய்ச்சி எத்தனை மணி நேரம் ஆயிற்று, சுழலத் தொடங்கிய எத்தனையாவது விநாடியில் படித்தது என்ற ஐந்தும் பக்கத்தில் இருந்தால்தான் அது அளவு. கீழே வரும் எல்லா வேலையும் இந்த ஐந்தையும் கைக்குள் வைத்திருப்பதற்காகத்தான்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்துக் கல்லூரி ஆய்வகங்களில் அரிசி ஸ்டார்ச்சையோ (மாவுச்சத்து) மரவள்ளி ஸ்டார்ச்சையோ வைத்து முதல்முறையாக ஹைட்ரோஜெல், அதாவது தண்ணீரைப் பிடித்துவைக்கும் ஜெல், செய்கிறவர்களை மனதில் வைத்து இது எழுதப்பட்டிருக்கிறது. கடைமடை நிலத்தில் ஈரம் பிடித்துவைக்கும் ஜெல்லாக இருக்கலாம், நெசவுக்குப் பாவில் போடும் கஞ்சியாக இருக்கலாம், உணவுக்கான கெட்டிப்படுத்தியாக இருக்கலாம். அளக்கும் முறை ஒன்றுதான்.

கருவிக்குள் என்ன நடக்கிறது

மேலே ஒரு மோட்டார். அதற்கும் ஸ்பிண்டிலுக்கும் நடுவில் ஒரு சுருள்வில். மோட்டார் சீரான வேகத்தில் சுற்றுகிறது. கூழ் ஸ்பிண்டிலைப் பின்னுக்கு இழுக்கிறது. அந்த இழுப்புக்கு ஏற்ப வில் முறுக்கிக்கொள்கிறது. முறுக்கு எவ்வளவு என்பதைத்தான் திரையில் டார்க் சதவீதமாகப் பார்க்கிறீர்கள். அதை ஸ்பிண்டிலுக்கும் வேகத்துக்கும் உரிய காரணியால் பெருக்கினால் சென்டிபாய்ஸ் கிடைக்கும். ஒரு சென்டிபாய்ஸும் ஒரு மில்லிபாஸ்கல் விநாடியும் ஒன்றே.

வில்லின் பலம் மாடலுக்கு மாடல் வேறுபடும். ப்ரூக்ஃபீல்ட் வகைக் கருவிகளில் எல்வி என்பது மெல்லிய வில், நீர்த்த கஞ்சிக்கு. ஆர்வியின் வில் அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வலுவானது. ஸ்டார்ச் கூழுக்குப் பெரும்பாலும் இதுதான் பொருந்தும். உங்கள் ஆய்வகத்தில் இருப்பது எது என்று கருவியின் பெயர்ப்பலகையில் முதலில் பாருங்கள். எல்வி கருவியில் ஆர்வி ஸ்பிண்டிலை மாட்டி, அமைப்பில் எண்ணை மாற்றாமல் விட்டால் திரை கூசாமல் ஒரு தவறான எண்ணைக் காட்டும்.

ஆர்வி கருவிக்கான காரணிகளை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. 2-ஆம் ஸ்பிண்டிலுக்கு 400, 3-க்கு 1,000, 4-க்கு 2,000, 5-க்கு 4,000, 6-க்கு 10,000, 7-க்கு 40,000. இவற்றை ஆர்பிஎம்மால் வகுத்தால் ஒரு சதவீத டார்க்குக்கு எத்தனை சென்டிபாய்ஸ் என்று வரும். 4-ஆம் ஸ்பிண்டில் 20 ஆர்பிஎம்மில் சுற்றினால் ஒரு சதவீதம் 100 சென்டிபாய்ஸ், முழு அளவு (100 சதவீத டார்க்) 10,000.

இங்கே புதியவர்கள் தவறாமல் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கருவியின் துல்லியம் ஒரு சதவீதம் என்பது முழு அளவில் ஒரு சதவீதம். மேலே சொன்ன அமைப்பில் அது எப்போதும் 100 சென்டிபாய்ஸ். டார்க் 75 சதவீதம் என்றால் 7,500-க்கு 100 தள்ளிப்போவது பெரிதல்ல. டார்க் 8 சதவீதம் என்றால் 800-க்கு 100 தள்ளிப்போகிறது. எட்டில் ஒரு பங்கு பிழை. அதனால் 10 சதவீதத்துக்குக் கீழே வரும் எண்ணை நோட்டில் ஏற்றவே வேண்டாம். முடிந்தவரை 20-க்கும் 90-க்கும் நடுவில் இருக்கும்படி ஸ்பிண்டிலைத் தேர்ந்தெடுங்கள்.

மாவும் தண்ணீரும்

அரிசி மாவும் அரிசி ஸ்டார்ச்சும் ஒன்றல்ல. மாவில் ஏறக்குறைய 7 சதவீதம் புரதம் இருக்கும். கொழுப்பும் நாரும் வேறு. மாவை வைத்து அளந்துவிட்டு ஸ்டார்ச் என்று எழுதக் கூடாது. அரிசியிலிருந்து நீங்களே பிரித்தெடுப்பதானால் பச்சரிசி எடுங்கள். புழுங்கலில் நெல் அவியும்போதே ஸ்டார்ச் ஒருமுறை வெந்துவிடுகிறது, அதன் கூழ் வேறு விதமாக நடக்கும். புது அரிசி குழையும், பழைய அரிசி உதிரியாக நிற்கும் என்பது டெல்டாவில் சமைக்கிற எல்லோருக்கும் தெரியும். அளவிலும் அந்த வித்தியாசம் தெரியும். ஆகவே ரகத்தோடு குறுவையா சம்பாவா தாளடியா, அறுத்து எத்தனை மாதம் என்பதையும் குறித்துவையுங்கள். ஆடுதுறை ரகங்களை எடுத்துக்கொண்டால்கூட ஏடிடி 37-இன் குண்டரிசியும் ஏடிடி 43-இன் சன்ன அரிசியும் ஒரே கூழைத் தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அமைலோஸ் (ஸ்டார்ச்சில் உள்ள, பெரும்பாலும் கிளையில்லாத நீள்சங்கிலி) கூடுதலாக உள்ள அரிசியின் கூழ் ஆறியதும் சட்டென்று இறுகும். அமைலோஸ் குறைந்தது இழுபட்டுக்கொண்டே இருக்கும்.

பழகுவதற்கு மரவள்ளி ஸ்டார்ச் நல்லது. சேலம் பக்கத்து ஆலைகளிலிருந்து மூட்டையாக வருவது எளிதில் கிடைக்கும், வெள்ளையாக இருக்கும், புரதம் மிகக் குறைவு.

எதை எடுத்தாலும் ஈரப்பதம் பார்க்காமல் எடை போடாதீர்கள். 5 கிராம் மாவை 105 டிகிரி அடுப்பில் எடை மாறாத வரை உலர்த்தினால் ஈரம் தெரிந்துவிடும். 500 கிராம் கூழில் 5 சதவீதம் என்றால் உலர்ந்த கணக்கில் 25 கிராம் ஸ்டார்ச் வேண்டும். ஈரம் 12 சதவீதமாக இருந்தால் 28.4 கிராம் மாவும் 471.6 கிராம் தண்ணீரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பை திறந்து கிடந்து ஈரம் 15 சதவீதத்துக்கு ஏறியிருந்தால் 29.4 கிராம் போட வேண்டும். பழைய எடையையே போட்டால் கூழ் 4.8 சதவீதத்தில்தான் நிற்கும். செறிவு சிறிது நகர்ந்தாலே பாகுநிலை அதைவிடப் பல மடங்கு நகரும் என்பதால், கோடையில் எடுத்த எண்ணும் மழைக்காலத்தில் எடுத்த எண்ணும் ஒத்துவராமல் போவதற்கு இது ஒன்றே போதும்.

தண்ணீர் காய்ச்சி வடித்ததாக இருக்கட்டும். போர்வெல் தண்ணீர் ஊருக்கு ஊர் மாறும்; நாகை, வேதாரண்யம் பக்கம் உப்பு ஏறியிருக்கும். சாதாரண மரவள்ளி ஸ்டார்ச் இதைக் கொஞ்சம் தாங்கும். கார்பாக்ஸிமெத்தில் ஸ்டார்ச் போல மின்னூட்டம் ஏற்றிய வகைகள் தாங்காது, உப்புப் பட்டதும் பாகுநிலை சரிந்துவிடும். கேனில் வாங்கும் ஆர்ஓ தண்ணீரும் இன்று ஒரு மாதிரி, நாளை ஒரு மாதிரி. தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் 10 பிபிஎம்முக்குள் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

காய்ச்சும் முறை

மாவைச் சுடுதண்ணீரில் கொட்டினால் கட்டி விழும். கட்டியின் வெளித்தோல் வெந்து, உள்ளே பச்சை மாவு அப்படியே நிற்கும். பிறகு எவ்வளவு கிளறினாலும் கரையாது. எனவே முதலில் பச்சைத்தண்ணீரில் கரைத்துக்கொள்ள வேண்டும். 600 மில்லி பீக்கரில் கரைசலை ஊற்றி, கிளறும் துடுப்பை இறக்கி, பீக்கரோடும் துடுப்போடும் சேர்த்து மொத்த எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு எண் பின்னால் தேவைப்படும்.

வாட்டர் பாத்தில் (வெப்பநிலையை நிறுத்தும் தண்ணீர்த் தொட்டி) வைத்து, சீராகக் கிளறிக்கொண்டே சூடேற்றுங்கள். 60 டிகிரி வரை மாவு அடியில் படியப் பார்க்கும், அதனால் அதுவரை கை நிற்கக் கூடாது. 60-ஐத் தாண்டியதும் மரவள்ளி ஸ்டார்ச் பால்வெள்ளையிலிருந்து மங்கிக் கண்ணாடிபோல ஆகத் தொடங்கும், துடுப்பு கனக்கும். அரிசி பொதுவாக இன்னும் சிறிது மேலே போய்த்தான் திரளும். 95 டிகிரிக்குப் போன பிறகு 30 நிமிடம் அப்படியே வைத்திருங்கள். வேகத்தைக் கூட்டாதீர்கள். இந்த நிலையில் மாவுமணிகள் தண்ணீரைக் குடித்து ஊதிப்போய் இருக்கின்றன. மிக்ஸி போலச் சுற்றினால் அவை உடைந்துவிடும். உடைந்த மணி திரும்பச் சேராது. மரவள்ளி இதில் ரொம்ப மென்மை. ஒரே மாவு, ஒரே எடை, ஆனாலும் இருவர் காய்ச்சிய கூழ் பாதிக்குப் பாதி வித்தியாசப்படுகிறது என்றால் கிளறிய வேகத்தையும் நேரத்தையும்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இறக்கியதும் பீக்கரின் வெளிப்புறத்தைத் துடைத்து மறுபடி எடை போடுங்கள். ஆவியாகப் போன தண்ணீர் எவ்வளவு என்று தெரியும். அத்தனை கிராம் சுடுதண்ணீரை ஊற்றி மெதுவாகக் கலந்துவிடுங்கள். 15 கிராம் ஆவியாகிப் போனதைக் கவனிக்காமல் விட்டால் 5 சதவீதக் கூழ் 5.15 சதவீதமாகிவிடும். மூடியில் துடுப்புக்கு மட்டும் துளை வைத்து மூடிக் காய்ச்சினால் இந்த இழப்பு வெகுவாகக் குறையும்.

சிட்ரிக் அமிலம் போன்றவற்றைச் சேர்ப்பதானால் இந்தச் சூட்டில் சேர்க்க வேண்டாம். அமிலமும் 95 டிகிரியும் சேர்ந்தால் ஸ்டார்ச்சின் சங்கிலி அறுபட்டுக் கூழ் நீர்த்துப்போகும். ஆறிய பிறகு சேர்த்து, பிஎச்சை அளந்து எழுதுங்கள்.

எத்தனை டிகிரியில் அளப்பது

வெளிநாட்டுச் செய்முறைகள் 25 டிகிரி என்று சொல்லும். இங்கே கத்திரி வெயிலில் அறையே 34, 35 டிகிரி; மேல்தொட்டித் தண்ணீர் மதியத்தில் கை வைக்க முடியாமல் கொதிக்கும். சூடாக்க மட்டும் தெரிந்த வாட்டர் பாத் அறை வெப்பத்துக்குக் கீழே இறங்காது. குளிரூட்டும் பாத் இல்லாத ஆய்வகம் 40 டிகிரியைத் தன் அளவாக வைத்துக்கொள்வதே சரி. மார்கழியிலும் சித்திரையிலும் ஒரே மாதிரி நிறுத்தக்கூடிய வெப்பநிலை அதுதான். எந்த எண் என்பதைவிட ஆண்டு முழுக்க அதே எண் என்பது முக்கியம்.

பாத்தின் திரை 40 காட்டினால் கூழும் 40-இல் இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. கெட்டியான கூழில் சூடு மெதுவாகத்தான் நகரும். ஓரம் ஆறியிருக்கும், நடுவில் இன்னும் 50 இருக்கும். தெர்மாமீட்டரைப் பீக்கரின் நடுவில் விட்டுப் பாருங்கள். 500 மில்லிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகலாம். ஆறும்போது மேலே ஏடு படியும். பால் ஏடு மாதிரி மெல்லியதாகத்தான் தெரியும், ஆனால் ஸ்பிண்டிலின் தண்டில் சுற்றிக்கொண்டால் டார்க் தாறுமாறாக ஏறும். ஒட்டும் பிளாஸ்டிக் தாளைக் கூழின் மேற்பரப்பைத் தொடும்படி போட்டு மூடிவைத்தால் ஏடு வராது.

மேசை விசிறி, சீலிங் ஃபேன் இரண்டையும் அளக்கும் நேரத்தில் நிறுத்துங்கள். காற்று மேற்பரப்பை உலர்த்தும், கருவியையும் ஆட்டும்.

அளத்தல்

மின்சாரம் ஏறி இறங்கும் ஊரில் கருவியை யுபிஎஸ்ஸில் இணையுங்கள். கால்களைத் திருகி, மேலே உள்ள குமிழி வட்டத்தின் நடுவில் நிற்கும்படி மட்டம் பாருங்கள். ஸ்பிண்டில் மாட்டாமல் ஆட்டோ ஜீரோ செய்யுங்கள்.

அடுத்து ஸ்பிண்டில். தட்டு வடிவ ஸ்பிண்டிலை நேராகக் குத்தி இறக்கினால் தட்டுக்கு அடியில் காற்றுக்குமிழி மாட்டிக்கொள்ளும். அதனால் கருவியில் மாட்டும் முன்பே, பீக்கரின் ஓரமாகச் சாய்த்து, தட்டின் ஒரு விளிம்பு முதலில் நனையும்படி மெல்ல நுழைத்து நிமிர்த்துங்கள். பிறகு நடுவுக்குக் கொண்டுவந்து கருவியில் மாட்டுங்கள். இந்த மரை இடதுகை மரை, வழக்கமான திருகுக்கு நேர் எதிர்ப்பக்கம் இறுகும். மாட்டும்போது கருவியின் தண்டை ஒரு கையால் லேசாகத் தூக்கி அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஸ்பிண்டிலைத் திருக வேண்டும். தண்டைப் பிடிக்காமல் திருகினால் அந்த விசை முழுவதும் உள்ளே இருக்கும் ஊசிமுனைத் தாங்கியில் போய் இறங்கும். இந்தக் கருவிகள் கெடுவதற்கு இதைவிடச் சாதாரணமான காரணம் இல்லை.

தண்டில் ஒரு பள்ளக்கோடு இருக்கும். கூழின் மட்டம் அந்தக் கோட்டில் நிற்கும்வரை கருவியை இறக்குங்கள். ஒரு கூழுக்கு 600 மில்லி பீக்கர், மறு கூழுக்கு 250 மில்லி என்று மாற்றினால் எண்ணும் மாறும், ஏனென்றால் சுவர் நெருங்க நெருங்க இழுப்பு கூடும். ஸ்பிண்டிலைச் சுற்றி நிற்கும் காவல்-கால் சட்டத்தை (guard leg) மாட்டி அளந்தால் எப்போதும் மாட்டியே அளக்க வேண்டும்.

ஸ்பிண்டிலை இறக்கியதும் கூழ் கலைந்திருக்கும். 10 நிமிடம் சும்மா விட்டுவிட்டுத் தொடங்குங்கள். 2, 5, 10, 20, 50 ஆர்பிஎம் என்று ஏறி, அதே படிகளில் இறங்குங்கள். ஒவ்வொரு வேகத்திலும் குறைந்தது ஐந்து சுற்று முடிந்த பிறகே படிக்க வேண்டும். 5 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 12 விநாடி, ஐந்து சுற்றுக்கு ஒரு நிமிடம். 2 ஆர்பிஎம்மில் இரண்டரை நிமிடம் காத்திருக்க வேண்டும். பொறுமை இல்லாமல் 20-ஆவது விநாடியில் படித்தால் வில் முறுக்கி முடிந்திருக்காது. ஏறும்போது 10 ஆர்பிஎம்மில் வந்த எண்ணைவிட இறங்கும்போது அதே 10-இல் குறைவாக வருகிறதா? கிளறியதால் உடைந்த பின்னல் இன்னும் திரும்பக் கட்டவில்லை என்று அர்த்தம். இரண்டையும் எழுதுங்கள், சராசரி எடுக்காதீர்கள்.

ஒரே பீக்கரில் மூன்று தடவை படிப்பது மூன்று சோதனை ஆகாது. முதல் தடவையே கூழைக் கலைத்துவிட்டது. மூன்று தடவை தனித்தனியாகக் காய்ச்சி அளந்தால்தான் உங்கள் கைப்பிழை எவ்வளவு என்று தெரியும்.

எண்ணிலிருந்து என்ன கிடைக்கும்

4-ஆம் ஸ்பிண்டிலில் 5 ஆர்பிஎம்மில் டார்க் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். காரணி 2,000-ஐ 5-ஆல் வகுத்தால் 400. பெருக்கினால் 12,000 சென்டிபாய்ஸ். 50 ஆர்பிஎம்மில் டார்க் 75 சதவீதம், காரணி 40, 3,000 சென்டிபாய்ஸ். வேகம் பத்து மடங்கு ஏறியதில் பாகுநிலை நான்கில் ஒன்றாகிவிட்டது. நான்கின் பத்தடிமான மடக்கை 0.60. ஒன்றிலிருந்து அதைக் கழித்தால் 0.40. இதுதான் ஓட்டக் குறியெண். தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் இது 1. ஒன்றுக்குக் கீழே எவ்வளவு தள்ளி வருகிறதோ அவ்வளவுக்கு, கிளறக் கிளற இளகும் தன்மை கூடுதல். இரண்டு கூழை ஒப்பிட ஒரே ஒரு வேகத்துப் பாகுநிலையைவிட இந்த எண் பல இடங்களில் உதவும். பாவில் தடவும் கஞ்சி தூரிகை ஓடும்போது இளகி, நின்றதும் நூலில் தங்க வேண்டும். அதைச் சொல்வது இந்த எண்தான்.

பீக்கரைக் கவிழ்த்தும் விழாத ஜெல்

ஆறி இறுகிப்போன ஜெல்லில் தட்டு ஸ்பிண்டிலை அழுத்தி இறக்கினால் எண் வரத்தான் செய்யும். ஆனால் அது ஜெல்லின் எண் இல்லை. ஒன்று, இறக்கும்போதே ஜெல் பிளந்துவிடுகிறது. இரண்டு, சில சுற்றில் ஸ்பிண்டில் தன்னைச் சுற்றிக் குழி பறித்துக்கொண்டு அதற்குள்ளேயே சும்மா சுழலும். ஜெல் கசியவிடும் தண்ணீர் அதற்கு எண்ணெய் போட்டது மாதிரி ஆகிவிடும். முதல் அரை நிமிடத்தில் 60 சதவீதம் காட்டிய டார்க் அடுத்த நிமிடத்தில் 15-க்கு விழுந்தால் இதுதான் நடந்திருக்கிறது. உற்றுப் பாருங்கள், ஸ்பிண்டிலைச் சுற்றிப் பளபளவென்று ஒரு ஈரவளையம் தெரியும்.

இதற்கு இரண்டு வழி. இறக்கை வடிவ வேன் ஸ்பிண்டில் ஜெல்லை அதிகம் கலைக்காமல் நுழையும். மெதுவான ஒரே வேகத்தில் சுற்றி, டார்க் ஏறி உச்சம் தொட்டு விழுகிற இடத்தைக் குறித்தால் ஜெல் உடையத் தேவையான விசை கிடைக்கும். மற்றொன்று டி வடிவ ஸ்பிண்டிலும் ஹெலிபாத் ஸ்டாண்டும். ஸ்டாண்ட் கருவியை மெதுவாக இறக்கிக்கொண்டே போவதால் ஸ்பிண்டில் எப்போதும் கலையாத புதுப்பகுதியையே வெட்டும். இரண்டும் இல்லையென்றால், குறித்த வேகத்தில் குறித்த நேரம் கிளறி உடைத்த ஜெல்லை அளந்து, 'உடைத்த ஜெல்' என்றே எழுதிவிடுங்கள். அதில் குறை ஒன்றும் இல்லை.

மண்ணுக்கான ஜெல்லில் ஊறிய மணிகள் தனித்தனியாக நின்றால், ஸ்பிண்டிலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி மணியின் விட்டத்தைப்போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும். சிறு மாதிரிக் குழாயில் இவற்றை அளக்க முடியாது.

காத்திருக்கும் நேரமும் கணக்கில் சேரும். அமைலோஸ் சில மணி நேரத்திலேயே மறுபடி அடுக்கிக்கொள்ளும், ஸ்டார்ச்சின் கிளைவிட்ட மற்றொரு சங்கிலியான அமைலோபெக்டினுக்கு நாட்கள் பிடிக்கும். ஃப்ரிட்ஜின் 4 டிகிரியில் இது இன்னும் வேகம். வெளியே வைத்தாலோ, இரவு வைத்த சோறு காலையில் புளித்த நீராகாரமாவதுபோல கூழும் புளித்து நீர்க்கும். ஆகவே காய்ச்சிய அன்றே, காய்ச்சி இரண்டு மணி நேரம் என்று ஒரு கெடு வைத்து அளப்பதே தொடக்கத்தில் நல்லது.

எண் சந்தேகமாக இருந்தால்

கூழைக் குறைசொல்லும் முன் கருவியைப் பாருங்கள். ஸ்பிண்டிலைக் கழற்றிவிட்டு, தண்டை விரலால் லேசாகத் திருப்பி விடுங்கள். தடையில்லாமல் ஆடி சுழிக்கே திரும்பி வர வேண்டும். பாதியில் தயங்கி நின்றால் தாங்கி தேய்ந்திருக்கிறது, பழுதுபார்க்க அனுப்ப வேண்டியதுதான். ஸ்பிண்டிலைக் காலியாகச் சுற்றவிட்டு அதன் முனையைக் கவனியுங்கள். தள்ளாடினால் தண்டு வளைந்திருக்கிறது.

பிறகு அளவுத்திரவம். 1,000 சென்டிபாய்ஸ் சிலிக்கோன் எண்ணெயை 3-ஆம் ஸ்பிண்டிலில் 50 ஆர்பிஎம்மில் பார்த்தால் முழு அளவு 2,000. கருவிக்கு 20, திரவத்துக்கு 10 என்று பிழை விட்டால் 970-க்கும் 1,030-க்கும் நடுவில் எது வந்தாலும் சரி. ஆனால் இந்தத் திரவத்துக்குச் சான்று 25 டிகிரியில். ஒரு டிகிரி கூடினாலே சுமார் 2 சதவீதம் குறையும் என்பதால், மதிய வெயிலில் பார்த்துவிட்டுக் கருவி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். விடியற்காலையில் பாத் தண்ணீரில் ஐஸ் கலந்து 25-க்குக் கொண்டுவந்து பார்க்கலாம்.

எண் ஒரு நிலையில் நிற்காமல் குதித்தால் பெரும்பாலும் கட்டியோ காற்றுக்குமிழியோ காரணம். மரவள்ளிக் கூழ் அதிக வேகத்தில் தண்டைப் பற்றி மேலே ஏறுவதையும் பார்க்கலாம். அது கூழின் மீள்தன்மை. வேகத்தைக் குறைத்து, அந்த வேகத்து எண்ணை விட்டுவிடுங்கள்.

வேலை முடிந்ததும் ஸ்பிண்டிலைக் கழற்றிய பிறகே கழுவ வேண்டும், மாட்டியபடி துடைக்கக் கூடாது. கூழ் காய்ந்து பொருக்குத் தட்டினால் அந்தச் சிறு தடிமனே அடுத்த அளவைக் கெடுக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, மென்மையான ஸ்பான்ஜால் தேயுங்கள். கம்பி நாரை அருகில்கூட வைத்திருக்காதீர்கள். துடைத்து உலர்ந்ததும் அதனதன் எண்ணுக்குரிய துளையில் வைத்துவிடுங்கள். 3-உம் 4-உம் இடம் மாறியிருப்பது அடுத்து வருகிறவருக்குத் தெரியாது.